விண்வெளிப் பயண வரலாற்றை இணையத்தில் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் வானியல் ஆர்வலர்கள் கூடும்போதெல்லாம் இதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது எளிது என்று தோன்றியது. தளங்களின் பெயரை மட்டும் தந்திருக்கிறேன், முகவரியைத் தரவில்லை. பெயரை ஆங்கில எழுத்தில் தேடுபொறியில் தட்டினால் வந்துவிடும். முகவரிகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன.

விண்வெளி வரலாறு பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

முதலிலிருந்து வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள். 1957 அக்டோபர் 4இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் கிளம்பி, 1961 ஏப்ரல் 12இல் முதல் விண்வெளி வீரர் ககாரின் 108 நிமிடம் பறந்து திரும்புவதற்குள் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்குங்கள். என் பரிந்துரை, மனிதன் முதலில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11. புகழுக்காகச் சொல்லவில்லை. நிமிடம் தவறாமல் பதிவான பயணம் என்பதால் சொல்கிறேன்.

'அப்பல்லோ இன் ரியல் டைம்' என்று ஒரு தளம் இருக்கிறது. பென் ஃபைஸ்ட் என்பவர் முன்னின்று உருவாக்கியது. அப்பல்லோ 11, 13, 17 ஆகிய மூன்று பயணங்களின் படங்கள், வீடியோக்கள், விண்கலத்துக்கும் ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே நடந்த பேச்சு எல்லாம் ஒரே கடிகாரத்தில் கோக்கப்பட்டு ஓடுகின்றன. 11, 13 இரண்டிலும் கட்டுப்பாட்டு அறையின் ஒவ்வொரு மேசைக்காரரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதையும் கேட்கலாம். அப்பல்லோ 11க்கு மட்டும் அந்த ஒலிப்பதிவு 11,000 மணி நேரத்துக்கு மேல்.

முழுவதையும் யாரும் கேட்கப் போவதில்லை. பயணக் கடிகாரம் 102:33 காட்டும் இடத்திலிருந்து 102:46 வரை கேளுங்கள். இறங்குகலம் நிலவை நோக்கிச் சரிகிறது. கணினி '1202' என்று எச்சரிக்கை எழுப்புகிறது. இறங்கலாமா, திரும்பலாமா என்று ஹூஸ்டனில் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் சில நொடிகளில் முடிவு சொல்கிறார்கள். இதைக் கேட்டபின் என்ன படிப்பது என்று நீங்கள் என்னிடம் கேட்கமாட்டீர்கள்.

இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அமெரிக்க அரசு ஊழியர்கள் தங்கள் பணியின் பகுதியாக உருவாக்கியவற்றுக்கு அந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை. அதனால்தான் நாசாவின் நூல்களும் அறிக்கைகளும் படங்களும் இலவசமாகக் கிடக்கின்றன. தனியார் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குத்தான் காசு. அவற்றிலும் சில 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் இரவலாகக் கிடைக்கும்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழில் என்ன இருக்கிறது?

தமிழ் விக்கிப்பீடியாவில் முக்கியமான பயணங்களுக்குக் கட்டுரைகள் உண்டு. சில விரிவானவை, சில நான்கு வரியோடு நின்றுவிட்டவை. பத்திரிகையாளர் என். ராமதுரை எழுதிய 'அறிவியல்புரம்' வலைப்பதிவு, ராக்கெட் ஏன் கிழக்கு நோக்கிப் பாய்கிறது என்பது போன்ற அடிப்படைகளைத் தெளிவான தமிழில் விளக்கும் வகையைச் சேர்ந்தது. இஸ்ரோவில் பணியாற்றிய நெல்லை சு. முத்து, மயில்சாமி அண்ணாதுரை இருவரும் தமிழில் எழுதியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. 'ராக்கெட்', 'விண்வெளி', 'செயற்கைத் துணைக்கோள்' என்று பல சொற்களில் தேடிப் பாருங்கள்.

ஆனால் மூல ஆவணங்கள் தமிழில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு கட்டுரைகளுக்கு ஓரளவு உதவும், உரையாடல்களைக் குழப்பிவிடும். ஒலியைக் கேட்டுக்கொண்டே எழுத்துப்படியைப் படித்தால் அந்த ஆங்கிலம் உண்மையில் எளிது. எல்லாம் நான்கைந்து சொல் வாக்கியங்கள்.

நாசா தளத்துக்குள் போனால் காடு போல இருக்கிறது. வரலாறு எந்த மூலையில் இருக்கிறது?

நாசாவுக்குத் தனியாக ஒரு வரலாற்று அலுவலகம் உண்டு. அது வரலாற்றாசிரியர்களை அமர்த்தி எழுதச் சொன்ன நூல்கள் முழுமையாக இணையத்தில் கிடைக்கின்றன: அமெரிக்கா மனிதனை முதலில் அனுப்பிய மெர்க்குரித் திட்டம், சாட்டர்ன் ராக்கெட், நிலவுக் கலங்கள் என்று திட்டத்துக்கு ஒரு நூல். அரசு வெளியீடுதானே, புகழ்பாடியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தக்காரர்களோடு நடந்த சண்டைகள், செலவு எகிறியது, காலக்கெடு தவறியது எல்லாம் அவற்றில் இருக்கின்றன.

நான் அதிகம் சொல்வது 'அப்பல்லோ லூனார் சர்ஃபேஸ் ஜர்னல்' பற்றித்தான். எரிக் ஜோன்ஸ் தொடங்கிய வேலை. நிலவில் நடந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் அங்கே பேசிய ஒவ்வொரு வரியையும் மீண்டும் படித்துக்காட்டி, "அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு விளக்கம் வாங்கியிருக்கிறார். மூலப் பேச்சு, இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் சொன்ன விளக்கம், தொகுத்தவரின் குறிப்பு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. துளைக்கருவி மண்ணில் சிக்கிக்கொண்டது, கையுறைக்குள் விரல் வலித்தது போன்ற சிறு விஷயங்கள்தான் அதில் சுவை. பயணத்தின் மற்ற நாட்களுக்கு 'அப்பல்லோ ஃபிளைட் ஜர்னல்' என்ற சகோதரத் தொகுப்பு உண்டு.

ஜான்சன் விண்வெளி மையத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் மூன்றாவது. வீரர்களை மட்டுமல்லாமல் பொறியாளர்கள், மருத்துவர்கள், நிர்வாகிகள் என்று நூற்றுக்கணக்கானோரைப் பேட்டி கண்டு எழுத்துப்படியாகப் போட்டிருக்கிறார்கள். நான்காவது, தொழில்நுட்ப அறிக்கைகளின் களஞ்சியமான 'என்டிஆர்எஸ்'. நாசாவின் கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சன் பற்றித் திரைப்படம் பார்த்து வியந்தவர்கள், 1960இல் அவர் பெயரோடு வெளிவந்த சுற்றுப்பாதைக் கணக்கீட்டு அறிக்கையை அங்கே திறந்து பார்க்கலாம். கணிதம் புரியாவிட்டாலும் பார்க்க வேண்டிய பக்கங்கள்.

பழைய கட்டுரையில் இருக்கும் இணைப்பைத் தட்டினால் பக்கம் இல்லை என்று வருகிறதே?

நாசா 2023இல் தன் தளத்தை முழுவதுமாக மாற்றியமைத்தது. வரலாற்றுப் பக்கங்கள் இடம்பெயர்ந்தன. பழைய இணைப்புகள் பல அறுந்தன. இணைய உலகில் இது வழக்கமான நோய்தான். ஆனால் வரலாற்றைப் பாதுகாக்க வேண்டியவர்களே இப்படிச் செய்யும்போது எரிச்சல் வருகிறது.

அறுந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் 'வேபேக் மெஷின்' தளத்தில் ஒட்டி, 2015 அல்லது 2018 என்று ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் பக்கம் கிடைத்துவிடும். உங்களுக்கு முக்கியமான எதையும் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேதியோ பெயரோ உடனே சரிபார்க்க வேண்டுமென்றால் விக்கிப்பீடியா போதாதா?

தொடங்குவதற்குப் போதும், முடிப்பதற்குப் போதாது. கட்டுரையின் கீழே இருக்கும் அடிக்குறிப்புகளில் பாதி, மேலே நான் சொன்ன நாசா நூல்களுக்குத்தான் இட்டுச்செல்லும். நேராக அங்கே போய்விடுங்கள்.

செயற்கைக்கோள்களுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. விண்ணில் ஏறிய ஒவ்வொரு பொருளுக்கும் சர்வதேசக் குறியீடு ஒன்று உண்டு. ஆரியபட்டாவின் குறியீடு 1975-033ஏ: 1975ஆம் ஆண்டின் 33ஆவது ஏவுதலில் சென்ற முதல் பொருள் என்று பொருள். எழுத்துப்பிழையும் பெயர்க் குழப்பமும் இதில் நேராது. ஸ்புட்னிக் 1957-001பி என்று இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 'ஏ' அதைச் சுமந்துபோன ராக்கெட்டுக்குப் போய்விட்டது. இந்தக் குறியீட்டை வைத்து நாசாவின் 'என்எஸ்எஸ்டிசிஏ' பட்டியலிலோ, வானியற்பியலாளர் ஜோனதன் மெக்டவல் தொகுத்திருக்கும் பட்டியலிலோ தேடலாம். மெக்டவல் 1989 முதல் ஏவுதல்களைப் பதிவுசெய்து வருபவர். ஜெர்மானியரான குன்டர் கிரெப்ஸின் தளமும் நம்பகமானது.

எல்லாம் அமெரிக்கக் கதையாகவே இருக்கிறது. சோவியத் கதையை எங்கே படிப்பது?

நியாயமான குறை. இதற்குக் காரணம் சோவியத் அரசின் ரகசியம். ராக்கெட் திட்டத்தின் மூளையான செர்கேய் கொரல்யோவ் உயிரோடிருந்தவரை அவர் பெயரே வெளியே வரவில்லை. பத்திரிகைகள் 'தலைமை வடிவமைப்பாளர்' என்று மட்டும் எழுதின. 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான் உலகம் பெயரைத் தெரிந்துகொண்டது. நிலவுக்கு மனிதனை அனுப்பக் கட்டிய என்1 ராக்கெட் 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் வெடித்தோ விழுந்தோ அழிந்தது. நாங்கள் அந்தப் போட்டியிலேயே இல்லை என்று 1980களின் இறுதிவரை சாதித்தார்கள்.

ஆவணங்கள் திறந்த பிறகு வந்தவற்றில் முதலில் படிக்க வேண்டியது, வங்கதேசப் பின்னணி கொண்ட அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆசிஃப் சித்திக்கியின் பெருநூல். 2000ஆம் ஆண்டில் வந்தது, நாசாவே வெளியிட்டது, இலவசம். கொரல்யோவின் துணைவராக இருந்த போரிஸ் செர்டோக் எழுதிய நான்கு தொகுதி நினைவுக்குறிப்புகளையும் நாசா ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறது. சோவியத்தின் கதையை அமெரிக்க வரிப்பணத்தில் நாம் இலவசமாகப் படிக்கிறோம்! செர்டோக்கைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அவர் கொரல்யோவின் ஆள். போட்டி வடிவமைப்பாளர்களைப் பற்றி அவர் சொல்வதைச் சித்திக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிந்தைய ஆண்டுகளுக்கும் இன்றைய ரஷ்யாவுக்கும் அனதோலி சாக் நடத்தும் 'ரஷ்யன் ஸ்பேஸ் வெப்' இருக்கிறது.

இன்னொரு கோணம் வேண்டுமென்றால், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'நேஷனல் செக்யூரிட்டி ஆர்கைவ்' தளத்துக்குப் போங்கள். சோவியத் ராக்கெட்டுகளைப் பற்றி அமெரிக்க உளவுத்துறை அன்றைக்கு என்ன ஊகித்தது என்ற ரகசிய நீக்கம் பெற்ற ஆவணங்கள் அங்கே உள்ளன. சில ஊகங்கள் வியக்கவைக்கும் அளவுக்குச் சரி, சில படுமோசம்.

விண்வெளிக்குப் போன நாய் லைக்கா ஒரு வாரம் உயிரோடிருந்தது என்று என்னிடம் உள்ள புத்தகம் சொல்கிறது. சில மணி நேரத்தில் இறந்துவிட்டது என்கிறது ஒரு தளம். எதை நம்புவது?

தளத்தை. 1957 நவம்பர் 3இல் ஸ்புட்னிக் 2இல் போன லைக்கா பல நாட்கள் உயிரோடிருந்ததாகவே பல்லாண்டுகள் சொல்லி வந்தார்கள். கலத்தின் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, சில மணி நேரத்திலேயே அது இறந்துவிட்டது என்பதை 2002இல் ஹூஸ்டனில் நடந்த மாநாட்டில் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலஷென்கோவ் வெளியிட்டார். உங்கள் புத்தகம் அதற்கு முன் அச்சானதாக இருக்கும். ஆசிரியர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

ககாரின் விஷயமும் இப்படித்தான். அவர் கலத்தோடு தரையிறங்கவில்லை. ஏழு கிலோமீட்டர் உயரத்தில் வெளியேறிப் பாராசூட்டில் தனியாக இறங்கினார். உலக சாதனை விதிகளில் சிக்கல் வரும் என்று இதை மறைத்தார்கள். ஆகவே சோவியத் தொடர்பான எதைப் படித்தாலும், யார் எழுதியது என்பதோடு எந்த ஆண்டில் எழுதியது என்பதையும் பாருங்கள். 1990க்கு முந்தையது என்றால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

நம் இஸ்ரோவைப் பற்றி ஏன் இவ்வளவு விவரமாகக் கிடைப்பதில்லை?

நாசாவிடம் இருக்கும் அளவுக்கு எழுத்துப்படிகளும் பேட்டிகளும் பொதுவில் வைக்கப்படவில்லை என்பதே நேரான பதில். இஸ்ரோ தளத்தில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் பக்கம் உண்டு, ஆண்டறிக்கைகள் உண்டு. சந்திரயான் கருவிகள் அனுப்பிய தரவுகளைப் 'பிரதான்' என்ற வாயிலில் பதிவுசெய்து பெறலாம். முடிவுகள் கிடைக்கின்றன, அந்த முடிவுக்கு வருமுன் அறைக்குள் நடந்த வாக்குவாதம் கிடைப்பதில்லை.

ஆனால் தொடக்கக் கால இந்தியக் கதை மற்றவர்களின் அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கிறது. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து பாய்ந்த முதல் ராக்கெட் அமெரிக்க நைக்கி-அப்பாச்சி. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. 1968இல் தும்பா ஏவுதளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1975 ஏப்ரல் 19இல் ஆரியபட்டாவை ஏவியது சோவியத் ராக்கெட். அதே ஆண்டு ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு செய்தது நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள். எனவே என்டிஆர்எஸ் களஞ்சியத்திலும் ஐ.நா. ஆவணங்களிலும் 'தும்பா' என்று தேடுங்கள். 'கரன்ட் சயன்ஸ்' இதழின் பழைய பக்கங்களும் இலவசம். நாடாளுமன்ற மின்நூலகத்தில் விவாதங்களைத் தேடலாம். 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்எல்வி-3 தோற்றபின் உறுப்பினர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று அறிய விரும்புபவர்களுக்கு அது சுரங்கம்.

ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்தது ஜூலை 20ஆ, 21ஆ? ஒவ்வொரு தளமும் ஒன்று சொல்கிறதே.

இரண்டும் சரி. உலகப் பொது நேரப்படி ஜூலை 21, அதிகாலை 2:56. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது ஜூலை 20 இரவு 10:56. நம் ஊரில் ஜூலை 21 திங்கட்கிழமை காலை 8:26. நாள் குழம்பும்போதெல்லாம் பொது நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ பதிவுகளில் வரும் '102:45' போன்ற எண்கள் ஏவுதலிலிருந்து கடந்த மணியும் நிமிடமும். அப்பல்லோ 11 கிளம்பியது ஜூலை 16, பொது நேரம் 13:32. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தூரத்திலும் பொறி இருக்கிறது. நாசாவின் பழைய ஆவணங்களில் 'மைல்' என்றால் பல இடங்களில் கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அதைச் சாதாரண மைலாக எண்ணி 1.609ஆல் பெருக்கியவர்களின் தவறான உயரங்கள் இணையமெங்கும் உலவுகின்றன.

பள்ளித் திட்டப்பணிக்குப் படங்கள் வேண்டும். கூகுளில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாமா?

மூலத்திலிருந்தே எடுக்கலாமே. 'பிராஜெக்ட் அப்பல்லோ ஆர்கைவ்' 2015இல் ஃபிளிக்கர் தளத்தில் 8,400க்கும் மேற்பட்ட படங்களை முழுத் தெளிவோடு ஏற்றியது. மங்கியவை, தவறி எடுத்தவை எல்லாமே உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'மார்ச் டு த மூன்' மெர்க்குரி, ஜெமினி படச்சுருள்களையும் தருகிறது. ஸ்மித்சோனியன் தளத்தில் அப்பல்லோ 11 கலத்தின் முப்பரிமாண வடிவத்துக்குள் சுற்றிவரலாம். சுவரில் வீரர்கள் கையால் எழுதிய குறிப்புகள் தெரியும். நாசா படங்களுக்குப் பதிப்புரிமை பற்றி மேலே சொன்னதே பொருந்தும், ஆனால் நாசாவின் சின்னத்தை நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

படத்தின் கீழ் அதன் எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். 'ஏஎஸ்11-40-5903' என்றால் அப்பல்லோ 11, 40ஆம் படச்சுருள், 5903ஆம் படம். ஆல்ட்ரினின் முகக் கண்ணாடியில் ஆம்ஸ்ட்ராங் பிரதிபலிக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் இதுதான். மூலத்தில் ஆல்ட்ரினின் தலைக்கு மேல் இடமே இல்லை; நாம் பார்க்கும் பிரதியில் கறுப்பு வானத்தைப் பின்னர் சேர்த்திருக்கிறார்கள். எண்ணைத் தெரிந்துகொண்டு மூலத்தைப் பார்த்த மாணவர்களுக்கு மட்டுமே இது தெரியும்.

வெற்றிகள்தான் எங்கும் இருக்கின்றன. தோல்விகளைப் பற்றி எங்கே படிப்பது?

விசாரணை அறிக்கைகளில். சேலஞ்சர் விபத்து (1986) பற்றிய ரோஜர்ஸ் ஆணைய அறிக்கையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதிய பின்னிணைப்பைத் தவறவிடாதீர்கள். விண்கலம் அழியும் வாய்ப்பு நூறில் ஒன்று என்றனர் பொறியாளர்கள். லட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம். அந்த இடைவெளியை அவர் சில பக்கங்களில் கிழித்துக் காட்டுகிறார். கல்பனா சாவ்லா உயிரிழந்த கொலம்பியா விபத்தின் 2003 அறிக்கை நீளமானது. ஆனால் அலுவலகப் பழக்கங்கள் எப்படி உயிரைக் குடிக்கின்றன என்று அறிய அதைவிடச் சிறந்ததை நான் படித்ததில்லை.

சோவியத் தோல்விகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கோள்களுக்குக் கிளம்பி, புவியின் சுற்றுப்பாதையிலேயே சிக்கிக்கொண்ட கலங்களுக்கு 'காஸ்மாஸ்' என்ற பொதுப்பெயரும் எண்ணும் கொடுத்து மறைத்துவிடுவார்கள். 1972 மார்ச்சில் வெள்ளிக்குப் புறப்பட்டுத் தோற்ற ஒரு கலம் இப்படித்தான் காஸ்மாஸ் 482 ஆனது. 53 ஆண்டுகள் புவியைச் சுற்றிவிட்டு 2025 மே 10இல்தான் கீழே விழுந்தது. மேலே சொன்ன பட்டியல்களில் 'காஸ்மாஸ்' என்ற பெயரோடு, வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் உகந்த மாதங்களில் ஏவப்பட்டவற்றைத் தேடுங்கள்.

நிலவுப் பயணமே நாடகம் என்கிறார் என் மைத்துனர். மூல ஒளிநாடாவை நாசாவே அழித்துவிட்டதாமே? அவருக்கு என்ன பதில் சொல்வது?

நாடா அழிந்தது உண்மை. அதை மறைக்க வேண்டாம். நிலவிலிருந்து வந்த காட்சி நொடிக்குப் பத்துச் சட்டகம் கொண்ட தனி வகை. தரை நிலையங்கள் அதைச் சாதாரண டிவிக்கு ஏற்றபடி மாற்றி ஒளிபரப்பின. மாற்றுவதற்கு முந்தைய சமிக்ஞை, தரவு நாடாக்களில் காப்புக்காகப் பதிவானது. பின்னாளில் நாடாத் தட்டுப்பாடு வந்தபோது அவற்றையும் அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று நாசாவின் 2009 அறிக்கை ஒப்புக்கொள்கிறது. போனது, இன்னும் தெளிவான ஒரு பிரதி. ஒளிபரப்பான காட்சி இருக்கிறது, கலத்திலேயே எடுத்த 16 மி.மீ. திரைச்சுருள் இருக்கிறது, படங்கள் அனைத்தும் இருக்கின்றன. அந்த முதல் காலடியை உலகுக்கு அனுப்பிய ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தைப் பற்றி ஆர்வலர்கள் நடத்தும் தளம் இதை விளக்கமாகச் சொல்கிறது.

நாசாவைச் சாராத சான்று கேட்பாரென்றால், இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கிப் பதிவைச் சொல்லுங்கள். அதே நாட்களில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சோவியத்தின் லூனா 15ஐப் பின்தொடர்ந்த அவர்கள், அப்பல்லோ 11இன் இறங்குகலமான ஈகிள் இறங்குவதையும் பதிவுசெய்தார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உறவு முக்கியம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறதே, இத்தனை தளம் எதற்கு?

எங்கே தேடுவது என்று கேளுங்கள், நன்றாகவே சொல்லும். தேதி, மேற்கோள், பட எண் ஆகியவற்றை மட்டும் அது சொன்னபடி எழுதிவிடாதீர்கள். லைக்கா, கடல் மைல் போன்ற பழைய பிழைகள் இணையத்தில் எவ்வளவு பரவியிருக்கின்றனவோ அவ்வளவு அதற்குள்ளும் போயிருக்க வாய்ப்புண்டு.

இவற்றைப் படிக்கலாம், சரி. நம்மைப் போன்றவர்கள் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் விக்ரம் இறங்குகலம் நிலவில் மோதியது. அந்தப் பகுதியை, நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் எடுத்த படத்தை நாசா பொதுவில் வெளியிட்டது. சென்னையில் மென்பொருள் பொறியாளராக இருந்த சண்முக சுப்பிரமணியன் அதையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைக் கண்டுபிடித்தார். மோதிய இடத்திலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் வடமேற்கில் கிடந்த சிதறல் அது. எல்ஆர்ஓ குழு சரிபார்த்தது; டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது.

அவர் பயன்படுத்திய அதே படங்கள் 'எல்ஆர்ஓசி' தளத்தில் இன்றும் யாருக்கும் திறந்திருக்கின்றன. அப்பல்லோ வீரர்களின் காலடித் தடங்கள் கோடுகளாகத் தெரியும் படங்களும் அங்கேதான். பெரிய கோப்புகள் என்பதால் கைப்பேசியில் முயல வேண்டாம். நல்ல திரையுள்ள கணினியில் திறங்கள்.